இரண்டு நொடிப் பாலம்: கனடாவின் ஐஸ் வீதியில் சறுக்கிய ஒரு மட்டக்களப்புச் சாரதி

என் மருமகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ 11 நொடிதான் ஓடும். காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த சின்னக் கெமராவில் பதிவானது. முதல் ஐந்து நொடி இருட்டு, வெள்ளைக்கோடு, தூரத்தில் ஒரு காரின் பின்விளக்கு, அவ்வளவுதான். ஆறாவது நொடியில் அந்தப் பின்விளக்கு பளிச்சென்று சிவக்கிறது. ஒன்பதாவது நொடியில் இவனுடைய கார் எதிர்த்திசை வாகனங்கள் வரும் பக்கத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. பத்தாவது நொடியில் கண்ணாடி முழுக்க வெள்ளை. கடைசியில் "அம்மாளாச்சி" என்று ஒரு குரல்.

எதிரே வாகனம் வரவில்லை. அதனால்தான் இதை அவனோடு போனில் பேசிப் பேசி எழுத முடிகிறது.

நான் மட்டக்களப்பு கல்லடியில் 22 வருடமாக வாகனம் ஓட்டப் பழக்குகிறவன். மருமகனுக்கும் நான்தான் பழக்கினேன். அப்புறம் அவன் 14 வருடம் மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் இடையில் இரவு வேன் ஓடினான். விளக்கே இல்லாத வீதியில் மாடு படுத்திருந்தால் மற்றவர்களுக்கு முன் அவன் கண்ணுக்குப் பட்டுவிடும். ஒரு விபத்துக்கூட அவன் பேரில் இல்லை. கனடா போய், டொரொண்டோவில் ஜூலை மாத வெயிலில் சாரதிச் சோதனையை முதல் தடவையிலேயே சித்தியெய்தினான். ஆறு மாதம் கழித்து, ஜனவரியில், பாலமொன்றில் இப்படி.

ஓட்டத் தெரியாதவன் சறுக்கினால் எழுத ஒன்றுமில்லை. இவன் சறுக்கியது நன்றாக ஓட்டத் தெரிந்ததால். இங்கே 14 வருடம் அவனைக் காப்பாற்றிய பழக்கங்கள் ஒவ்வொன்றும் அந்த இரண்டு நொடியில் அவனுக்கு எதிராக வேலை செய்தன. நாங்கள் இருவரும் வீடியோவைக் கால்வாசி வேகத்தில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கண்டுபிடித்தது அதைத்தான்.

அன்று காலை

நேரம் 5.40. டொரொண்டோவுக்குக் கிழக்கே கிராமப்புறத்து இருவழி வீதி. அங்கே வேக எல்லை மணிக்கு 80 கிலோமீட்டர். இவன் 70இல் போகிறான். ஸ்னோ கொட்டவில்லை. இரண்டு நாளைக்கு முன் கொட்டியது ஓரத்தில் குவிந்து கிடக்கிறது. முதல்நாள் பகலில் கொஞ்சம் வெயில், குவியல் உருகி வீதியில் ஓடியிருக்கிறது. இரவு குளிர் திரும்பிவிட்டது. காரின் திரை வெளி வெப்பநிலை +1 பாகை என்று காட்டியது. அதாவது உறைநிலைக்கு மேலே. "பிளஸ் ஒண்டு எண்டு கிடந்தது மாமா, அதுதான் பயமில்லாம வந்தன்" என்றான்.

முதல் பிழை அந்த எண்ணில் இருக்கிறது. காரின் வெப்பமானி பெரும்பாலும் முன் பம்பருக்குப் பக்கத்துக் காற்றைத்தான் அளக்கும். வீதியின் மேல்தோல் என்ன நிலையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தெளிந்த வானம் உள்ள இரவில் தார் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். காற்று +1 ஆக இருக்கும்போது தார் உறைநிலைக்குக் கீழே இருக்கலாம். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் துகள் உறைபனி படிவதும் இதே கணக்குத்தான். ஒருமுறை அங்கே விடியற்காலையில் வேனின் கண்ணாடியைத் தொலைபேசி அட்டையால் சுரண்டியிருக்கிறேன். என் வாழ்நாளில் நான் தொட்ட ஐஸ் வீதிக்கு மிக நெருங்கியது அதுதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், கொஞ்சம் மொழிப் பிரச்சினை. எங்களுக்கு எல்லாமே பனிதான். மார்கழியில் புல்லில் நிற்பதும் பனி, வாவிக்கு மேல் மூடுவதும் பனி, கனடாவில் கொட்டுவதும் பனி. இவன் போன முதல் மாதம் "பனி கொட்டுது" என்று சொன்னதற்கு என் அக்கா "தலையில துணியைக் கட்டிக்கொண்டு போ மனே" என்றாள். அங்கே உள்ள நம்மாட்கள் ஸ்னோ, ஐஸ், பிளாக் ஐஸ் என்று பிரித்துச் சொல்லப் பழகியது தேவைக்காகத்தான். ஸ்னோவில் டயருக்குக் கடிக்க ஏதாவது கிடைக்கும், கண்ணுக்கும் தெரியும். பிளாக் ஐஸ் கறுப்பாக இருப்பதில்லை. அது கண்ணாடி மாதிரி மெல்லிய ஒரு படலம், கீழே உள்ள தாரின் கறுப்புத்தான் தெரியும். பார்ப்பவனுக்கு ஈரவீதி. சில வேளை ஈரம்கூட இல்லை, நல்ல வீதி.

ஏன் பாலத்தில்

வீடியோவில் பாலம் வந்ததே முதலில் எனக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கம்பிவேலி ஓடத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. கீழே ஒரு சிற்றாறு. பிறகொரு நாள் அவனை அந்தப் பாலத்தில் நடந்து அளக்கச் சொன்னேன். 52 எட்டு, ஏறத்தாழ 40 மீட்டர்.

நிலத்தின்மேல் போட்ட வீதிக்கு அடியில் மண் இருக்கிறது. மண் பகல் சூட்டைக் கொஞ்சமாவது பிடித்துவைத்துக் கீழிருந்து கொடுக்கும். பாலத்துக்கு அடியில் மண் இல்லை, காற்று. மேலும் கீழும் இரண்டு பக்கமும் குளிர்ந்து, மற்ற வீதி வெறும் ஈரமாக இருக்கும்போதே பாலம் உறைந்துவிடும். கனடாக்காரர்கள் மேம்பாலத்தைக் கண்டால் காலைத் தளர்த்துவது அதனால்தான்.

எங்கள் ஆளுக்கு இது தெரியாதா? வாசித்திருக்கிறான். சாரதிக் கைநூலில் இருக்கிறது. ஆனால் கல்லடிக்காரனின் உடம்புக்குப் பாலம் என்றால் வேறு ஒன்று. மழை விட்டதும் எங்கள் வீதியில் முதலில் காய்வது பாலம். வாவிக்காற்று இரண்டு பக்கமும் அடிக்கும், தண்ணீர் நிற்காது, பள்ளம் இல்லை, மாடு குறைவு. 2013இல் புதிய கல்லடிப் பாலம் திறந்த பிறகு அதில் ஏறியதும் எல்லோருக்கும் கால் கொஞ்சம் இறங்கும். ஆரையம்பதிப் பக்கமிருந்து நெரிசலில் வருகிறவனுக்கு அது மூச்சுவிடும் இடம். இங்கே பாலத்தைக் காயவைக்கும் அதே காற்று அங்கே உறையவைக்கிறது. வாசித்தது மூளையில் இருந்தது, பாலம் அவன் காலில் இருந்தது.

உப்பு போட்டிருந்தார்கள். ஆனால் பகலில் உருகிவந்த தண்ணீர் உப்பைக் கரைத்துக் கழுவிவிடும், பிறகு எஞ்சிய தண்ணீர் திரும்ப உறையும். உப்புக்கும் எல்லை உண்டு, கழித்தல் 10 பாகைக்குக் கீழே போனால் அது மிகவும் மெதுவாகத்தான் வேலை செய்யும். அன்று பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீதி நன்றாக இருந்தது, நடுவில் உள்ள 40 மீட்டர் மட்டும் கண்ணாடி. இது முழு வீதியும் ஐஸாக இருப்பதைவிட மோசம். ஏன் என்று பிறகு வரும்.

காலும் கையும்

இந்த இடத்தில்தான் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம்.

முன்னால் போன கார் பாலம் தாண்டி ஒரு சந்தியில் திரும்புவதற்காக பிரேக் போட்டது. அப்போது இருவருக்கும் இடையில் 130 மீட்டரளவில் இருந்திருக்கும். இவன் சிவப்பு விளக்கைக் கண்டு, ஒரு நொடியில் காலை பிரேக்கில் வைத்தான். சரியாகப் பாலம் தொடங்கும் இடம்.

"காலுக்குக் கீழ கடகடெண்டு அடிச்சிது மாமா. ஏதோ உடஞ்சு போச்செண்டு நினைச்சுக் காலை எடுத்துட்டன்."

உடையவில்லை. அது ஏ.பி.எஸ். டயர் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க, பிரேக்கை நொடிக்குப் பல தடவை விட்டுவிட்டுப் பிடிக்கும். அந்தத் துடிப்பு மிதியில் தெரியும். அந்த நேரத்தில் காலை எடுக்கக்கூடாது, மிதித்து மிதித்து விடவும் கூடாது, அழுத்திப் பிடித்தபடியே சுக்கானைப் பார்த்துக்கொள்ளவேண்டும். ஏ.பி.எஸ் இல்லாத பழைய வாகனத்தில்தான் விட்டுவிட்டு மிதிக்கச் சொல்வது. இவன் 14 வருடம் ஓட்டிய வேனில் அது இல்லை. பழக்கிய என்னையும் இதில் கேட்கவேண்டும். என்னிடம் பழக வந்தவர்களில் ஒருவரைக்கூட அந்தத் துடிப்பு வரும்வரை பிரேக்கை மிதிக்கச் சொன்னதில்லை. இன்று எங்கள் ஊரில் ஓடும் ஜப்பான் சின்னக் கார்களில் பாதிக்கு மேல் ஏ.பி.எஸ் இருக்கும். ஓட்டுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அதை உணர்ந்தவர் எத்தனை பேர் என்று.

"மறுகா?" என்றேன்.

"மறுகா இடப்பக்கம் கிறுகினன்."

இதைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. கனடாவில் வாகனம் ஓடுவது வலப்பக்கம். ஓரம், மண், பள்ளம் எல்லாம் வலது கையில். இடது பக்கம் எதிரே வரும் வாகனத்தின் வழி. எங்கள் நாட்டில் நேர்மாறு, ஆபத்து என்றால் எல்லோரும் இடப்பக்கம் ஒதுங்குவோம். ஆறு மாதம் வலப்பக்கத்தில் ஓட்டியிருக்கிறான், ஒருநாளும் பிழைவிடவில்லை. யோசிக்க நேரம் இருந்த எல்லா நேரமும் சரியாக ஓட்டினான். யோசிக்க நேரமில்லாத அந்த அரை நொடியில் கை கல்லடிக்குப் போய்விட்டது.

கை கிறுகியது, ஆனால் கார் கிறுகவில்லை. "சக்கரம் கிறுகி நிக்குது, கார் நேர போகுது" என்றான். ஐஸில் முன்டயருக்குப் பிடி இல்லாவிட்டால் சுக்கான் வெறும் வட்டம். கார் கேட்கவில்லை என்று இன்னும் கொஞ்சம் கிறுகினான். யாரும் செய்வதுதான். அதற்குள் பாலம் முடிந்துவிட்டது. இடப்பக்கம் நன்றாகத் திரும்பி நின்ற முன்டயர் இரண்டும் திடீரென்று நல்ல தாரில் ஏறின. பிடி திரும்பிவந்தது, முழுப் பிடி, ஒரே நேரத்தில். கார் யாரோ கயிறு கட்டி இழுத்தமாதிரி இடப்பக்கம் பாய்ந்தது. நடுவில் மட்டும் உள்ள ஐஸ் மோசம் என்று சொன்னது இதைத்தான். காரை வீதியை விட்டு வெளியே எறிந்தது ஐஸ் அல்ல, ஐஸுக்கு அப்புறம் வந்த நல்ல வீதி.

அவனுடைய கார் 2009ஆம் ஆண்டினது. ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிடித்துச் சறுக்கலைத் திருத்தும் ஈ.எஸ்.சி அதில் இல்லை. கனடாவில் புதிய கார்களுக்கு அது கட்டாயமானது 2011 செப்டெம்பரில். இருந்திருந்தால் அந்தப் பாய்ச்சல் குறைந்திருக்கலாம்.

ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால்

கணக்குப் போட்டுப் பார்த்தோம். மணிக்கு 70 என்றால் நொடிக்கு 19 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. 40 மீட்டர்ப் பாலம் இரண்டு நொடி.

பிரேக் போட்டு நிற்கும் தூரம் டயருக்கும் வீதிக்கும் உள்ள பிடியைப் பொறுத்தது. அந்தப் பிடியைக் காட்டும் எண்ணான உராய்வுக் குணகம் காய்ந்த தாரில் 0.7 அளவில் இருக்கும், நனைந்த தாரில் 0.4, இறுகிய ஸ்னோவில் 0.2, ஐஸில் 0.1 அல்லது அதற்கும் கீழே. 70இல் போகிற கார் காய்ந்த தாரில் 28 மீட்டரில் நிற்கும். நனைந்ததில் 48 மீட்டர். ஐஸில் 190 மீட்டரைத் தாண்டும். கண்டு கால் வைக்கும் ஒரு நொடிக்கு எல்லாவற்றிலும் இன்னும் 19 மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். ஐஸ் 0 பாகைக்குப் பக்கத்தில் இருக்கும்போதுதான் மிகவும் வழுக்கும், கடுங்குளிர் ஐஸில் அதைவிடக் கொஞ்சம் பிடி உண்டு. ஆக +1 என்று காட்டிய அந்தக் காலைதான் மோசமான காலை.

பாலத்தில் பிரேக் போட்டு அவனால் வேகத்தைப் பெரிதாகக் குறைத்திருக்க முடியாது. ஆனால் எக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, சுக்கானை நேரே பிடித்து, இரண்டு நொடி ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால்? கார் நேரே பாலத்தைக் கடந்து நல்ல தாருக்கு வந்திருக்கும். முன்னால் உள்ள காருக்கு அப்போதும் 70 மீட்டர் இருந்தது. நிற்பதற்கு 28 போதும்.

இதை அவனிடம் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. இரவு வேன் ஓடிய சாரதிக்கு இரண்டு நொடி சும்மா இரு என்று சொல்வது லேசான விஷயமல்ல. எங்கள் வீதியில் ஆட்டோ வெட்டும், மோட்டார் சைக்கிள் உள்ளே வரும், நாய் ஓடும், சும்மா இருந்தவன் இடித்தவன்.

டயர்

நாலும் எல்லாப் பருவத்துக்குமான டயர், அதுவும் பழையது. குளிர்கால டயரின் ரப்பர் வேறு வகை. 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண டயர் இறுகத் தொடங்கும், குளிர்கால டயர் மென்மையாகவே இருக்கும். பக்கத்தில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்கும், அதுதான் அடையாளம். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது கட்டாயம். இவன் இருக்கும் ஒன்ராரியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டால் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்கவேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. கழிவைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. புதிதாகப் போனவனுக்கு ஜனவரியில் நாலு டயர் வாங்கக் காசு ஏது என்பதுதான் உண்மைக் காரணம். காசு மிச்சம்பிடிக்க முன்னுக்கு மட்டும் இரண்டு போடுகிறவர்களும் உண்டு. அப்போது முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் சுழன்று வந்து உங்களை முந்தும். போட்டால் நாலும் போடவேண்டும். டயரில் வெட்டியுள்ள காடியின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் ஸ்னோவுக்கு அது உதவாது.

பள்ளத்துக்குள் இன்னொரு விபத்து

கார் ஓரத்துக் குவியலுக்குள் பின்புறமாகப் புதைந்து நின்றது. பெல்ட் அழுத்திய தோள் நோவைத் தவிர ஒன்றுமில்லை. நடுங்கிக்கொண்டு ஹீட்டரைப் போட்டான், எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணாடி எல்லாம் பூட்டியபடி உள்ளே இருந்து போன் எடுக்கிறான். பத்து நிமிடத்தில் பனி தள்ளும் லொறி ஒன்று வந்தது. அதன் சாரதி இறங்கி ஓடிவந்து, இவன் கதவைத் திறந்து, ஒரு வார்த்தை பேசாமல் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாராம். அப்புறம் பின்னால் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். சைலன்ஸர் குழாய் ஸ்னோவுக்குள் செருகிக் கிடந்தது.

குழாய் அடைபட்டால் புகை காருக்கு அடியில் தேங்கி உள்ளே வரும். அதில் உள்ள காபனோரொக்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. தலை இடிக்கும், சுற்றும், குமட்டும், நித்திரை வரும். கார் புதைந்தால் முதல் வேலை குழாயைச் சுற்றித் தோண்டுவது. சூட்டுக்காக எஞ்சின் போட்டாலும் கொஞ்ச நேரம் மட்டும், ஒரு கண்ணாடியை விரற்கடை திறந்து. இதற்காகத்தான் அங்கே காரில் மண்வெட்டியும் போர்வையும் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் முழு நிகழ்விலும் அவன் சாவுக்கு மிகக் கிட்டப் போனது இந்தப் பத்து நிமிடத்தில்தான். வீடியோவில் அது இல்லை.

இங்கே என்ன செய்தோம்

ஸ்னோ இல்லாத ஊரில் இதை வைத்து நான் என்ன செய்வது என்று அக்கா கேட்டாள். நனைந்த தாரின் அந்த 0.4 எங்களுக்கும் உண்டு. ஐப்பசியில் முதல் மழை விழுந்த அரை மணி நேரம் எங்கள் காபட் வீதியில் ஓட்டிப் பாருங்கள். கோடை முழுக்கப் படிந்த எண்ணெயும் புழுதியும் ரப்பர் தூளும் மேலே மிதக்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அறுவடை நேரம் வைக்கோல் சிந்திய வீதி நனைந்தால் இன்னும் மோசம். தண்ணீர் தேங்கிய இடத்தில் வேகமாகப் போனால் டயர் வீதியை விட்டுத் தண்ணீரின்மேல் ஏறிவிடும், அப்போதும் சுக்கான் வெறும் வட்டம்தான். 1960களில் நாசா விமான டயருக்குக் கண்ட சூத்திரத்தின்படி இது காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 32 இறாத்தல் (psi) காற்றுள்ள டயர் மணிக்கு 94 கிலோமீட்டரளவில் மிதக்கத் தொடங்கும், 18 ஆக இறங்கிய டயர் 70இலேயே மிதக்கும். காடி தேய்ந்த டயருக்கு அதுவும் வேண்டாம். காற்றுப் பார்க்காமல் மாதக்கணக்கில் ஓடும் வாகனங்கள் எங்கள் பக்கம் எத்தனை என்று எனக்குத் தெரியும், என்னிடம் பழக வருகிறவர்கள் கொண்டுவருவது அவற்றைத்தான்.

வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும் தாம்போதிக்கும் இதே பதில்தான், முடிவை விளிம்புக்கு வருமுன் எடுக்கவேண்டும். 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில் மதரஸாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை.

இப்போது மழை பெய்த அடுத்த காலை, பழகுகிறவர்களை ஆளில்லாத மைதானத்துக்குக் கூட்டிப்போகிறேன். மணிக்கு 30இல் வந்து, நான் கைதட்டியதும் பிரேக்கை ஓங்கி மிதிக்கவேண்டும். மிதி கடகடவென்று அடிக்கும்போது எல்லோரும் ஒரே மாதிரித்தான் காலை எடுக்கிறார்கள், கண்ணை விரிக்கிறார்கள். மூன்றாம் தடவை எடுப்பதில்லை. கனடா, சுவிஸ் என்று போக இருப்பவர்களுக்கு இன்னொரு சொல்லும் உண்டு: முதல் ஸ்னோ விழுந்ததும் வெறும் வாகனத் தரிப்பிடம் ஒன்றைத் தேடிப்போய் வேண்டுமென்றே சறுக்கிப் பழகுங்கள்.

மருமகன் மறுவருடம் நாலு குளிர்கால டயரும் போட்டுவிட்டான். வழக்கமாக முன் காருக்கு இரண்டு நொடி விட்டவன் இப்போது வாய்விட்டு எட்டு எண்ணுகிறான். போன ஜனவரியில் அதே பாலத்தின் வீடியோ ஒன்று அனுப்பினான். பாலத்துக்கு நூறு மீட்டர் முன்னமே எஞ்சின் சத்தம் இறங்குகிறது, 45இல் ஏறுகிறான், கம்பிவேலி ஓடி முடிகிறது, முடிந்தது வீடியோ. அக்கா இரண்டு தரம் பார்த்துவிட்டு "இதில என்ன கிடக்கு?" என்று கேட்டாள்.

கை மட்டும் இன்னும் முழுதாக அங்கே போய்ச் சேரவில்லை. வேலை முடிந்து களைத்து வரும் இரவுகளில் இப்போதும் காரின் வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டு, சுக்கானைத் தேடுகிறானாம்.